இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம்

எங்கள் வீட்டில் குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, எடுத்துக்கூட வைக்கக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் பழைய துணிதான். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி, புடவை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே வழக்கம். யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை, மீறியவர்களையும் நான் பார்த்ததில்லை. நான் மீறினேன். இரண்டு வருஷம் அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

என் கையில் இருந்த தொழிலும் அதற்கு ஒரு காரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் காலர் தைத்தேன். காலர் மட்டும். கைக்கு ஒருத்தி, பாக்கெட்டுக்கு ஒருத்தி, பொத்தானுக்கு ஒருத்தி என்று லைனில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். வருகிற துண்டைத் தைத்து அடுத்தவள் பக்கம் தள்ள வேண்டியது. பதினோரு வருஷத்தில் ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததில்லை. எதிர்வீட்டுக்காரி ஜாக்கெட் தைத்துத் தரச் சொல்லி, எனக்குத் தெரியாது என்று நான் சொன்னபோது, திமிர் பிடித்தவள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத் திமிர் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று சொன்னது உண்மை.

முட்டிவலி வந்து வேலையை விட்டபோது, என்னோடு வீட்டுக்கு வந்தவை ஒரு பழைய மிஷினும் இரண்டு மூட்டை பிட்டுத்துணியும். கட்டிங்கில் மிச்சப்பட்ட துண்டுகள். கட்டம், கோடு, குட்டிக்குட்டி நங்கூரம் அச்சடித்த வெளிர்நீலம். எல்லாம் நல்ல பருத்தி. தூக்கிப் போட மனசு வராமல் கட்டிலடியில் தள்ளி வைத்திருந்தேன்.

என் தங்கை எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போன பிறகு அவளுக்கு ஜடை போட்டு, படிக்க வைத்து, கல்யாணம் பண்ணிக் கொடுத்தது நானும் என் வீட்டுக்காரரும்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் தர்மபுரிக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு, போரூர்ப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். அவளுக்குத் தாய்வீடு என்றால் கரையான்சாவடியில் இருக்கும் எங்கள் வீடுதான். பிரசவம் என்றாலும் இங்கேதான் வர வேண்டும்.

அவள் முதல்முறை உண்டான செய்தி வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மத்தியானங்களில் வீடு காலியாக இருக்கும். மூட்டையைப் பிரித்து, துண்டுகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துத் தைக்க ஆரம்பித்தேன். குழந்தையைப் படுக்க வைக்க ஒரு விரிப்பு. முழுசாக ஒன்றை நானே தைக்கிறேன் என்பதிலும் ஒரு ஆசை இருந்தது. வரிசைக்கு எட்டுத் துண்டு, மொத்தம் பத்து வரிசை என்று கணக்குப் போட்டேன். வழக்கம் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. இந்தக் காலத்தில் போய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வரிசையைச் சேர்த்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஐந்தாம் மாதம் தாண்டவில்லை, போய்விட்டது என்றார்கள். நான் குண்டூசியைக்கூடப் பிடுங்கவில்லை. அப்படியே சுருட்டி, பரண்மேல் இருந்த தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். ஆஸ்பத்திரியில் தங்கை என் மடியில் தலை வைத்து அழுதபோது, அவள் தலையைத் தடவிய கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கைதானே தைத்தது. அன்றிலிருந்து அந்தப் பழி என்னோடு இருந்தது. சோறு தின்றேன், சிரித்தேன், சண்டை போட்டேன். அடியில் அது இருந்துகொண்டே இருந்தது.

அதனால் அவள் மறுபடி உண்டானபோது நான் ஒரு கைக்குட்டையைக்கூடத் தைக்கவில்லை. மிஷின்மேல் துணியைப் போட்டு மூடி, அதன்மேல் அரிசி டின்னை வைத்துவிட்டேன். குழந்தை எட்டாம் மாதமே பிறந்தது. பெண். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் பரணை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கையிடமிருந்து போன் வந்தது. "அக்கா, வியாழக்கிழமை கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நல்லாப் பால் குடிக்கிறா." நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

அப்போது தங்கையின் மாமியார் எங்கள் வீட்டில் இருந்தார். தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, ஒரு பை நிறையப் பழைய துணியோடு முந்தின நாள்தான் வந்திருந்தார். ஆசாரமானவர் என்று எனக்கு அவரிடம் ஒரு பயம். என் வாயே அவர் எதிரில் பாதியாகிவிடும். நல்ல நேரம் பார்க்காமல் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க மாட்டார் என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

வீட்டுக்காரர் எஸ்டேட்டில் லேத்து மிஷின் ஓட்டுகிறவர். அந்த வாரம் லீவு போட்டிருந்தார். தூளி மாட்டும் ஸ்பிரிங்கும் கம்பும் பரண்மேல் இருக்கின்றன என்று ஏணி போட்டு ஏறினார். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்துக்கு வந்து பார்த்தால், தகரப் பெட்டி தரையில் திறந்து கிடக்கிறது. விரிப்பு அவர் கையில் தொங்குகிறது.

"இன்னாமே, இது பாதியோட கீது? நீ தெச்சதா? சோக்கா கீதே."

தங்கையின் மாமியார் எழுந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "அட, அழகா இருக்கு கண்ணு. பாப்பாவுக்கா? பொறந்த பொறகு ஆரம்பிச்சியா?"

நான் தலையாட்டினேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். "ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல பாதியிலயே நின்னுடுச்சு அத்தை" என்று அடுத்த நொடியே வாயும் திறந்தது.

"அதுக்கென்ன, ரெண்டு நாள் இருக்கு. மூணு பேர் இருக்கோம். முடிச்சிடலாம்" என்றார் அவர்.

என்னால் எப்படி மறுக்க முடியும்? மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அரிசி டின்னை இறக்கினேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். குழந்தை பிறந்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று மனசுக்கு எவ்வளவு சொன்னாலும், அந்தப் பழைய பாதியைக் குழந்தையின் முதுகுக்குக் கீழே போடப்போகிறோம் என்று நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

எனக்குத் தெரிந்த வேலைமுறை ஒன்றுதான். வீட்டிலும் லைன் போட்டேன். வெட்டுவது வீட்டுக்காரர். துண்டுகளை நிறம் பார்த்து ஜோடி சேர்த்துக் குண்டூசி குத்துவது தங்கையின் மாமியார். தைப்பது நான்.

"இன்னா சைஸு?" என்றார் வீட்டுக்காரர்.

"நாலு இஞ்ச்."

"நாலுக்கு நாலா?"

"ஆமாய்யா, நாலுக்கு நாலு. எத்தினி வாட்டி கேப்ப?"

அவர் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் காணாமல் போனார். திரும்பி வரும்போது கையில் தகரத்தில் வெட்டிய சதுரம் ஒன்று இருந்தது. நான்கு மூலையும் அரத்தால் கச்சிதமாக ராவியிருந்தார். அதைத் துணிமேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வெட்டினார். நாற்பது துண்டும் ஒன்றுபோல் வந்தன. எங்கள் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர்கூட இப்படி வெட்டியதில்லை. வாய்விட்டுப் பாராட்டினேன், அது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

அன்று சாயங்காலம் வரையிலும் மறுநாள் காலையிலும் மிஷின் ஓடியது. தங்கையின் மாமியார் குத்திக் குத்தி நீட்ட, நான் தைத்துத் தைத்துத் தள்ளினேன். என் வீட்டுக்காரரின் கட்டம் போட்ட லுங்கி ஒன்று, தங்கை காலேஜுக்குப் போட்ட சுடிதார் ஒன்று என இரண்டையும் வெட்டிக் கலந்திருந்தோம். "இது நம்ம புள்ள போட்டதா?" என்று கேட்டுக் கேட்டு ஊசி குத்தினார். கை ஓடும்போது மனசு கொஞ்சம் சும்மா இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஐந்து வரிசையும் முடிந்தன. பழைய பாதியைத் தரையில் விரித்து, அதன் கீழே புதுப் பாதியை வைத்தேன். ஒரு கை அகலம் குறைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்து வைத்தேன். குறைந்ததுதான். டேப் எடுத்து அளந்தேன். மேலே முப்பத்திரண்டு அங்குலம். கீழே இருபத்தெட்டு.

"யோவ், நாலு இஞ்ச்சுன்னு தானேய்யா சொன்னேன்."

"நாலுதான் வெட்டுனேன். இந்தா, அளந்து பாரு." தகரத்தை நீட்டினார்.

"தையலுக்கு எங்க விட்ட? ரெண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் உள்ள போகுமே."

"அத நீ சொன்னியா? நாலுன்னு எழுதிக் குட்த்தா நாலுதான் வரும். நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்?"

ஒரு துண்டுக்கு அரை அங்குலம், எட்டுத் துண்டுக்கு நாலு அங்குலம். தப்பு அவருடையது மட்டும் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதனால் இன்னும் கோபம் வந்தது. துண்டைக் கையில் வாங்கிய நான் ஒன்றையாவது அளந்திருக்கலாம். பதினோரு வருஷம் லைனில் உட்கார்ந்த புத்தி. கட்டிங்கிலிருந்து வருவதை நாங்கள் அளக்க மாட்டோம். வந்ததைத் தைப்போம். அவரை இன்னும் நாலு வார்த்தை கேட்டேன். அவரும் பதிலுக்கு நாலு கேட்டார்.

நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது தங்கையின் மாமியார் தரையில் உட்கார்ந்து இரண்டு பாதியையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். பழைய பாதியின் மடிப்பில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. கடைசி வரிசையில், நான் பிடுங்காமல் விட்ட குண்டூசி இருந்த இடத்தில், துருக்கறை. ஊசியை அவரே உருவியிருந்தார். அது முழுக்கத் துருப்பிடித்து, உள்ளங்கையில் பொடியாக உதிர்ந்தது.

"ஏம்மா, இது மூணு வாரத்துல புடிச்ச துரு இல்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை. "எப்ப தெச்ச?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானங்கள், ஐந்தாவது வரிசை, போன் வந்தது, பெட்டிக்குள் போட்டது. "பொறக்கறதுக்கு முன்னாடி தெச்சது நான்தான் அத்தை. என்னாலதான் அது தங்கல. அவ மூஞ்சியப் பார்த்து இத சொல்ல எனக்கு தைரியம் வரல. உங்ககிட்டயும் நேத்து பொய் சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் அந்தத் துருப்பொடியை முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மூணாம் மாசமே வெள்ளி அரைஞாண் பண்ணச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்த மொத தடவை. ஆசாரிகிட்ட நானே போய்ச் சொல்லி, மணி கோத்து வாங்கியாந்து, பீரோவுல பொடவைக்கு அடியில வெச்சிருந்தேன். தெனம் ஒரு தடவை எடுத்துப் பாப்பேன். எங்க வீட்டுக்காரரு கிட்டகூட சொல்லல. தவறிப்போச்சுன்னு பையன் போன் பண்ணினான். அன்னிக்கே எடுத்துட்டுப் போயி கோயில் உண்டியல்ல போட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். ரெண்டு வருஷமா நான்தான் அந்த உசுர எடுத்தேன்னு நெனச்சிட்டு இருக்கேன் கண்ணு."

நல்ல நேரம் பார்க்காமல் ஜிப்பைத் திறக்காத அந்த அம்மாள் எதனால் அப்படி ஆனார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் ஒரு ஊரில், நான் ஒரு ஊரில், ஒரே பழியை ஆளுக்கொரு பக்கம் சுமந்திருக்கிறோம். நான் அழுதேன். அவரும் அழுதார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஏணியைச் சாத்தி வைத்த சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்கோ இல்ல, யாரு மேலயும் தப்பில்ல, கரு செரியா வளரலன்னு. நான் அங்கதானே நின்னுகினு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் எங்க போய்ட்டீங்கோ?" என்றார். நாங்களும் அங்கேதான் இருந்தோம். எங்கள் காதில் அது ஏறவே இல்லை.

பிறகு அவர் குனிந்து, விரிப்பின் இரண்டு ஓரத்தையும் பார்த்தார். "இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. பட்டி வெச்சிட்டா செரியாப் பூடும்."

தங்கையின் மாமியார் தன் பையிலிருந்து ஒரு பழைய மஞ்சள் சுங்குடிப் புடவையை எடுத்தார். நான் என் கம்பெனி ஓவர்கோட்டை எடுத்தேன். துவைத்துத் துவைத்து நீலமே பால்போல் ஆகியிருந்தது. ஒரு பக்கத்துக்கு அவர் துணி, மறுபக்கத்துக்கு என் துணி.

"ரெண்டரை இஞ்ச் வெட்டு" என்றேன்.

"ரெண்டரைன்னா ரெண்டரையா, இல்ல உள்ளார எதுனா கீதா?"

"தையலோட சேத்துத்தான்யா சொல்றேன். வெட்டு."

பட்டி சரியாகப் பொருந்தியது. உள்ளே நைந்த வேட்டியை நான்காக மடித்து வைத்து, அடியில் அந்தச் சுங்குடியின் மிச்சத்தையே கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டினேன். ஓரம் மடித்து அடிக்கும்போது தங்கையின் மாமியார் எதிர்ப்பக்கம் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். துருக்கறை போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்துவிட்டது. அன்று ராத்திரி படுத்ததும் தூங்கிப்போனேன்.

வியாழக்கிழமை குமணன்சாவடி நெரிசலில் கார் முக்கால் மணி நேரம் நின்று, ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தோம். கட்டில்மேல் விரிப்பைப் போட்டிருந்தேன். தங்கை குழந்தையைப் படுக்க வைக்கக் குனிந்தவள், அப்படியே நின்றாள். அவள் விரல் நங்கூரம் போட்ட ஒரு துண்டின்மேல் இருந்தது.

"இது அப்ப தெச்சதுதானே அக்கா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"ஒரு நாள் வந்தப்ப மிஷின்ல பாத்தேன். தலகாணி உறைன்னு சொன்ன. இவ்ளோ குட்டித் தலகாணி யாருக்குன்னு நெனச்சிகினேன்." எங்கள் வீட்டுக்குள் வந்தால் அவள் பேச்சு பழைய பேச்சாகிவிடும். "நீ தூக்கிப் போட்டிருப்பன்னு நெனச்சேன். உன்கிட்ட கேக்க பயமா இருந்துது. அந்தக் கொழந்தைக்குன்னு இந்த ஊட்டுல இருந்தது இது ஒண்ணுதான் அக்கா. வேற யாரும் அதுக்கு எதுவும் பண்ணவே இல்ல."

நான் எதைப் பாவம் என்று பெட்டிக்குள் பூட்டி வைத்தேனோ, அதை நினைத்துத்தான் அவள் இரண்டு வருஷமாக ஏங்கியிருக்கிறாள். தங்கையின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் ஒண்ணு பண்ணினேன் கண்ணு, அப்பறம் சொல்றேன்" என்றார் மருமகளிடம்.

தங்கை குழந்தையைப் பழைய பாதியின்மேல் படுக்க வைத்தாள். அது கையைக் காலை உதைத்து, முகத்தைச் சுளித்து, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நனைத்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை ஓடி, புதுப் பாதியும் ஈரம்.

"நல்லதாப் போச்சு" என்று தங்கையின் மாமியார் சிரித்தார்.

அலசிப் பிழிந்து மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். பின்பக்கக் கொடியில் இடம் இருந்தது. நான் தெருப்பக்கக் கொடியில்தான் போட்டேன். துருக்கறை வெளியே தெரியும்படி, நன்றாக விரித்து, இரண்டு கிளிப் மாட்டினேன். கீழே எதிர்வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்து, "இன்னா, நீயா தெச்ச?" என்று கேட்டாள்.

"ஆமா, நான்தான் தெச்சேன்" என்றேன்.